அலபாமாவில இருந்து அம்மாவுக்கு: ஆமை ரத்தத்துப் புழுக்கள்

அன்புள்ள அம்மா,

நான் சுகம். நீங்கள், அப்பா, தங்கச்சி எல்லாரும் சுகமெண்டு நம்புறன். போனில லைன் விட்டு விட்டுப் போறதால ஒண்டையும் வடிவாக் கதைக்கேலாமக் கிடக்கு, அதுதான் இருந்து எழுதுறன். சின்ன மாமி என்ர படிப்பைப் பற்றிக் கேட்டவ எண்டு சொன்னனீங்கள், அவவுக்கும் இதை வாசிச்சுக் காட்டுங்கோ.

இஞ்சை அமெரிக்காவின்ர தெற்குப் பக்கம், பனி கொட்டுற இடமில்லை, கோடையில நல்லாப் புழுங்கும். ரோட்டுக்கரையில கச்சானை உப்புப் போட்டு அவிச்சு விக்கிறாங்கள், வெண்டிக்காயும் தாராளமாக் கிடைக்குது. எங்கை பாத்தாலும் ஆறும் குளமும், அதுக்குள்ள ஆமை. விதம் விதமான ஆமை அம்மா, ஓடு மெத்தெண்டு இருக்கிறது, கடிச்சா விரல் போற பெரிய சாதி, கட்டையில ஏறி வெயில் காயுறது எண்டு.

என்ர வேலை அந்த ஆமையின்ர இதயத்துக்குள்ளயும் ரத்தக்குழாய்க்குள்ளயும் இருக்கிற தட்டைப்புழுக்களை இனம் பிரிக்கிறது. புழு ஒவ்வொண்டும் சில மில்லிமீட்டர்தான் வரும். முட்டை ஆமையின்ர கழிவோட தண்ணிக்குப் போய்ப் பொரிச்சு, அந்தக் குஞ்சு நத்தைக்குள்ள பூந்து, அங்கை பெருகி, வால் பிளந்த குட்டியள் வெளிய வந்து திரும்ப ஆமையின்ர தோலைத் துளைச்சுக்கொண்டு உள்ள போகும். நத்தை இல்லாட்டி இந்தச் சீவியமே நடவாது.

இதுக்கு ஏன் இவ்வளவு பாடு எண்டு மாமி கேப்பா. மனுசருக்கு ரத்தத்துக்குள்ள புழு இருந்து வாற சிஸ்டோசோமியாசிஸ் எண்டொரு வருத்தம் இருக்கு, ஆபிரிக்காப் பக்கம் கோடிக்கணக்கான சனத்துக்கு, அந்தப் புழுவுக்குக் கிட்டின சொந்தந்தான் இந்த ஆமைப் புழுக்கள். மனுசற்றை புழுவில ஆண் வேற பெண் வேற, ஆமையின்ர புழுவில ரெண்டும் ஒரே உடம்புக்குள்ள. அந்தப் பிரிவு எப்பிடி வந்ததெண்டு பாக்கிறதெண்டா ஆமைப் புழுக்களுக்குச் சரியான பேரும் சரியான இடமும் வேணும். நான் இதைத்தான் பெரிய வேலையா நினைக்கிறன்.

ஆனா பேர் வைக்கிறது லேசில்லை. மைக்ரோஸ்கோப்பில வயித்து உறிஞ்சி, அதாவது வயித்துப் பக்கத்தில ஒட்டிப் பிடிக்கிற உறுப்பு, இருக்கோ இல்லையோ, விதைகள் (ஆண் உறுப்பு) எத்தினை, சூலகத்துக்கு முன்னுக்கோ பின்னுக்கோ எண்டு பாக்கவேணும். ஸ்பைரோர்கிஸ் எண்ட சாதிக்கு வயித்து உறிஞ்சியே இல்லை, விதைகள் வரிசையாக் கிடக்கும். ஹபலோரிங்கஸுக்கு உறிஞ்சி இருக்கு, ரெண்டே ரெண்டு விதை, ஒண்டு சூலகத்துக்கு முன்னால மற்றது பின்னால. வாசோட்ரீமாவுக்கு ஒரே விதை, சுருண்டு சுருண்டு கிடக்கும், முதல்தரம் பாக்கேக்கை அவ்வளவு வடிவு. பழைய ஆக்கள் புழுவை ரெண்டு கண்ணாடிக்கு இடையில நசிச்சுத்தான் பதம் பண்ணினவை, நசிச்சா உறுப்பெல்லாம் இடம் மாறித் தெரியும், பிறகு அந்தப் படத்தை வச்சு ஒருத்தர் புது இனம் எண்டுவார் இன்னொருத்தர் இல்லையெண்டுவார். அதால நாங்கள் நசிக்கிறேல்லை. சூட்டில சாகப் பண்ணிப்போட்டு, சிலதைச் சாயம் போட்டுக் கண்ணாடியில ஏத்துறம், சிலதை 95% அற்ககோலில டிஎன்ஏவுக்கு வைக்கிறம். ரெண்டும் ஒத்து வந்தாத்தான் பேர்.

இதில ஒண்டு எங்கட பக்கத்துக் கதை. 1933ல அலகாபாத்தில இருந்த மெஹ்ரா எண்டவர் இந்தியப் பாலாமைக்குள்ள கண்ட ஒரு புழுவுக்கு சியூரிட்ரீமா எண்டு பேர் வச்சவர். பிறகு வந்தவை அதை ஹபலோரிங்கஸுக்குள்ள சேர்த்துவிட்டினம், 2016லதான் திரும்பத் தனியாப் பிரிச்சவை. அவர் அந்தக் காலத்தில டிஎன்ஏ ஒண்டும் இல்லாமல் கண்ணாலயே சரியாப் பிடிச்சிருக்கிறார், எனக்கு அவரில பெரிய மரியாதை. எங்கட இலங்கைப் பாலாமையை இப்ப இந்தியப் பாலாமையில இருந்து வேறயான இனமாத்தான் எண்ணுகினம். அப்ப அதின்ர புழுவும் வேறயோ? இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகுதில்லை. படிப்பு முடிஞ்சா முறையா அனுமதி எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து அதைத்தான் பாக்கப்போறன்.

மாரிக்கு வழுக்கையாறு ஓடத் தொடங்கினா தங்கச்சியை சண்டிலிப்பாய்ப் பக்கம் தெரியிற நத்தையளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில போடச் சொல்லுங்கோ, பக்கத்தில ஒரு ரூபாக் குத்தி வச்சு எடுத்தா அளவு தெரியும். ஆமையை ஒருத்தரும் பிடிக்கவேண்டாம். அவளை வெறுங்காலோட சேத்துக்குள்ள இறங்க விடாதேங்கோ. அப்பா பிரசர் குளிசையை ஒழுங்காப் போடுறாரோ எண்டும் எழுதுங்கோ.

இப்படிக்கு
உங்கட மகன்