குடிநீர்ப் பரிசோதனையில் சால்வென்ட்டுகளையும் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜல் ஜீவன் திட்டத்தில் பயிற்சி பெற்ற பெண்கள் பரிசோதனைப் பெட்டியுடன் தெருத் தெருவாகப் போய்க் குடிநீரைச் சோதிப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியை மகிழ்ச்சியோடு படித்தேன். ஃப்ளூரைடு, நைட்ரேட், இரும்பு, கடினத்தன்மை எல்லாம் அந்தப் பெட்டியிலேயே தெரிந்துவிடும். ஆனால் அதில் தேறிய தண்ணீரைக் கவலையில்லாமல் குடிக்கலாம் என்று செய்தி முடிந்திருந்தது. தொழிற்பேட்டையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு அப்படி உறுதி சொல்ல முடியாது; அங்கே கலக்கக்கூடிய சால்வென்ட்டுகளை, அதாவது ரசாயனக் கரைப்பான்களை, அந்தப் பெட்டி காட்டாது.

உலோக உதிரிபாகங்களில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க ட்ரைகுளோரோஎத்திலீன் பயன்படுகிறது. டிரை கிளீனிங் கடைகளில் பெர்குளோரோஎத்திலீன். இரண்டையும் பட்டறையில் பொதுவாக 'சால்வென்ட்' என்பார்கள். மீந்ததைப் பின்பக்கம் மண்ணில் ஊற்றினால் கொஞ்சம் ஆவியாகும், மீதி இறங்கிவிடும். தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் நிலத்தடி நீரின் மேல் மிதக்காமல் அடிக்குப் போய்ப் பாறை இடுக்குகளில் தங்கி, பல ஆண்டுகள் சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டே இருக்கும். 2013இல் தண்டையார்பேட்டை ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் கலந்து வந்தபோது வாடையே காட்டிக்கொடுத்தது. ட்ரைகுளோரோஎத்திலீனுக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். அந்த அளவில் வாடையும் தெரியாது, ருசியும் மாறாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரே ஒரு லிட்டர் முழுவதும் கரைந்தால் சுமார் 29 கோடி லிட்டர் தண்ணீர் அந்த வரம்பைத் தொட்டுவிடும். 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரி என்றால் 24 ஆயிரம் லாரிக்கு மேல்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள கேம்ப் லெஜூன் படைத்தளத்தில் நடந்ததை நம் அதிகாரிகள் ஒருமுறை படிக்க வேண்டும். குளோரின் போடுவதால் உண்டாகும் ட்ரைஹாலோமீத்தேன்களை அளப்பதற்காக 1980இல் அங்கே குழாய்த் தண்ணீரை எடுத்தார்கள். வேறு ஏதோ பொருள்கள் குறுக்கே வந்து அளவீட்டையே குழப்பின. வேறு குளோரின் சேர்மங்கள், அதாவது சால்வென்ட்டுகள், மிகுதியாகக் கலந்திருக்கின்றன என்று 1981இல் ஆய்வக அதிகாரி அறிக்கைத் தாளிலேயே கையால் எழுதி வைத்தார். 1982இல் ஒரு தனியார் ஆய்வகம் அவை எவை என்று பெயர் சொன்னது. அந்த ஆண்டு ஒரு குழாயில் ட்ரைகுளோரோஎத்திலீன் லிட்டருக்கு 1400 மைக்ரோகிராம் இருந்தது. கிணறுகளை மூடத் தொடங்கியதோ 1984 கடைசியில்தான். அந்தத் தண்ணீரை 1953 முதல் 1987 வரை பத்து லட்சம் பேர் வரை பயன்படுத்தியிருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட வழி திறந்த சட்டம் 2022இல்தான் வந்தது.

இவ்வளவு தாமதத்துக்கு அங்கே சொன்ன காரணம், அந்த ரசாயனங்களுக்கு அப்போது சட்டப்படியான வரம்பு ஏதும் இல்லை என்பது. அந்த 5 மைக்ரோகிராம் வரம்பே 1989இல்தான் நடைமுறைக்கு வந்தது. அளவு குறிக்காததால் யாரும் தேடவில்லை. தற்செயலாகக் கண்ணில் பட்டதையும் ஒதுக்கி வைத்தார்கள்.

என்னைத் தூங்கவிடாதது இதுதான். நம் குடிநீர்த் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500 (2012) பட்டியலில் ஆர்சனிக், ஈயம், பூச்சிக்கொல்லிகள், ட்ரைஹாலோமீத்தேன்கள் எல்லாம் இருக்கின்றன. ட்ரைகுளோரோஎத்திலீனும் பெர்குளோரோஎத்திலீனும் இல்லை. ட்ரைகுளோரோஎத்திலீனைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்ததும் அதே 2012இல்தான். இத்தனைக்கும் ட்ரைஹாலோமீத்தேன்களைப் பார்க்கும் கேஸ் குரோமடோகிராபி கருவியில் இவற்றையும் ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடலாம். கருவி இருக்கிற ஆய்வகத்தில் பட்டியலை நீட்டினால் போதும்.

கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் என்பதால் அக்கம்பக்கத்தார் இப்போதும் என்னிடம் தண்ணீர் கொண்டுவருவார்கள். பெட் பாட்டிலில் முக்கால் அளவு, பையில் குலுங்கக் குலுங்க வரும். சால்வென்ட் பார்க்க அது உதவாது. பாட்டிலுக்குள் இருக்கும் காற்றுக்கே ஒரு பகுதி போய்விடும். 40 மில்லி கண்ணாடிக் குப்பியை விளிம்பு தளும்ப நிரப்பி, டெஃப்லான் வைத்த மூடியால் இறுக்கி, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு குமிழி மேலே ஏறினாலும் அந்த மாதிரி செல்லாது. பிறகு ஐஸ் பெட்டியில் வைத்து 14 நாளுக்குள் ஆய்வை முடிக்க வேண்டும். இதை அந்த ஊராட்சிப் பெண்களுக்கே சொல்லிக்கொடுக்கலாம். நன்றாகச் செய்வார்கள்.

"கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா சார்?" என்றும் கேட்கிறார்கள். கிருமிக்கு அது சரி. சால்வென்ட்டைக் கொதிக்க வைத்தால் தண்ணீரிலிருந்து சமையலறைக் காற்றுக்கு வரும், அதை நாமே சுவாசிப்போம்.

குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் சென்னைக் குடிநீர் வாரியத்துக்கும் தங்கள் நாளிதழ் வழியாக என் வேண்டுகோள் இது. அம்பத்தூர், ஓசூர், கோவை போன்ற இடங்களில் தொழிற்பேட்டைகளை ஒட்டிய பொதுக் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ட்ரைகுளோரோஎத்திலீன், பெர்குளோரோஎத்திலீன் இரண்டையும், மண்ணுக்கடியில் இவை சிதைந்து உண்டாகும் வினைல் குளோரைடையும் அளக்க வேண்டும். வினைல் குளோரைடு இன்னும் மோசமானது. அமெரிக்காவில் அதற்கு வரம்பு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம்தான். தரநிர்ணயம் திருத்தப்படும்வரை உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகளை வைத்துக்கொள்ளலாம். முடிவு எதுவானாலும் கிணற்றின் பெயர், மாதிரி எடுத்த தேதியோடு வார்டு அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். ஊராட்சி என்றால் கிராம சபையில் வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
அம்பத்தூர், சென்னை.