பாப்பாவுக்கு, எட்டுப் பக்கம் போதும்

சுங்கை சிப்புட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி வழக்கம்போல. தைலம் தேய்த்துக்கொண்டு கோயிலுக்குப் போய் வருகிறாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீலக் கோடு இரண்டு விழுகிறது, பதில்தான் விழுவதில்லை. எப்படியும் பார்சல் அனுப்ப வேண்டியிருந்தது, அதிலேயே கடிதத்தையும் வைத்துவிட்டேன்.

சாமான் இறக்க கோலாலம்பூர் போன லோரி மாமா உன்னை பிரிக்பீல்ட்ஸில் பார்த்தாராம். புதன்கிழமை, பகல் பதினொரு மணி. தனியாக உட்கார்ந்து தே ஓ குடித்துக்கொண்டிருந்தாயாம். ஹார்ன் அடித்தாராம், நீ நிமிரவே இல்லையாம். லீவு போட்டிருக்கும் என்று சொல்லிவிட்டேன். அம்மா காதில் போடவில்லை.

சரி, பார்சலுக்கு வருகிறேன்.

மேலே இருக்கிற புத்தகம் வில் ஐஸ்னருடையது. காமிக்ஸ் வரைந்தவர், நியூயார்க்கில் ஒரு கலைப் பள்ளியில் பாடமும் நடத்தியவர். அந்தப் பாடங்களைத்தான் 1985-இல் 'காமிக்ஸ் அண்ட் சீக்வென்ஷியல் ஆர்ட்' என்று புத்தகமாகப் போட்டார். என் ஆங்கிலம் உனக்குத் தெரியும். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். கட்டத்தைச் சுற்றிப் போடும் கோடுகூடக் கதை சொல்லும் என்கிறார். நேர்கோடு போட்டால் நடப்பது இப்போது. நெளிந்த கோடு போட்டால் பழைய நினைவு. கோடே இல்லாவிட்டால் இடம் விரிந்துகொண்டே போகும். இன்னொன்றும் சொல்கிறார்: எழுத்தும் படம்தான், அதைப் படமாகவே நடத்த வேண்டும் என்று. அந்தப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். முப்பது வருடமாக லோரிக் கதவிலும் கடைப் பலகையிலும் நான் செய்துகொண்டிருந்ததை அமெரிக்காக்காரர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார் பார்.

இரண்டாவது ஸ்காட் மெக்கிளவுட், 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்', 1993-இல் வந்தது. காமிக்ஸ் என்றால் என்ன என்பதை முழுக்கக் காமிக்ஸாகவே வரைந்து விளக்குகிறார். இரண்டு கட்டத்துக்கும் நடுவில் இருக்கிற வெள்ளை இடுக்குதான் அவருக்கு முக்கியம். ஒருவன் கோடாரியை ஓங்குகிறான், அடுத்த கட்டத்தில் ராத்திரி வானமும் ஓர் அலறலும். வெட்டியது யார்? படிக்கிறவன்தான் என்கிறார். அதைப் படித்ததும் எனக்கு உன் பாட்டி ஞாபகம். ஒரு கட்டத்தில் ரப்பர் மரம் வெட்ட உளியை எடுக்கிறாள், அடுத்த கட்டத்தில் மரத்தடி மங்கு நிறைந்து ரப்பர் பால் தளும்புகிறது. நடுவில் இருக்கிற மூன்று மணி நேரத்தை நீ வரையவே வேண்டாம். 2006-இல் இவரே 'மேக்கிங் காமிக்ஸ்' என்று செய்முறைக்கு ஒன்று எழுதியிருக்கிறார். எந்தத் தருணம், எந்தக் கோணம், எந்தப் படம், எந்தச் சொல், கண் எந்த வழியாக ஓட வேண்டும் என்று ஐந்தாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறாராம். ஈப்போவில் தேடினேன், கிடைக்கவில்லை. அங்கே நூலகத்தில் கேள். கேட்கிறதற்குக் காசு இல்லை.

மூன்றாவது லிண்டா பேரி என்ற அம்மாவுடையது, 'சிலபஸ்', 2014. பார்த்தால் பள்ளிக்கூடக் குறிப்புப் புத்தகம் மாதிரிதான் இருக்கும். சின்ன வயதில் வரைந்துகொண்டிருந்து அப்புறம் விட்டுவிட்டவர்களை மறுபடி உட்கார வைக்கிறதுதான் இவருடைய வேலை. தினமும் ஒரு பக்கம்: இன்றைக்குச் செய்தது ஏழு, பார்த்தது ஏழு, காதில் விழுந்த ஒரு பேச்சு, ஒரு படம். படம் நன்றாக இருக்க வேண்டும் என்றே இல்லை. நீ வரைவதை விடவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வைத்துக்கொள்.

ஒற்றைத் தாள் ஒன்றும் மடித்து வைத்திருக்கிறேன், தூக்கிப் போட்டுவிடாதே. வாலி வுட் என்ற ஓவியர் தனக்காகத் தொகுத்து வைத்திருந்த 22 கட்டங்கள். இரண்டு பேர் சும்மா நின்று பேசுகிற இடம் சலிக்காமல் இருக்க என்னென்ன செய்யலாம் என்பதற்கு. ஒருவரை முழுக்கக் கறுப்பாக்கு, முன்னால் ஒரு பொருளைப் பெரிதாக வை, கண்ணை மட்டும் காட்டு, இப்படி. ஜெராக்ஸ் எடுத்து எடுத்தே உலகம் பூராவும் போயிருக்கிறது.

இவ்வளவும் படித்துவிட்டுத்தான் வரைய வேண்டும் என்று இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: எட்டுப் பக்கத்தில் ஒரு கதை முடி.

பாட்டி கதையை முந்நூறு பக்கம் வரையப் போகிறேன் என்று படிவம் ஆறில் ஆரம்பித்தாய். ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றது, தோட்டங்களை வாங்க 1960-இல் அமைச்சர் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது, பாட்டி பத்து வெள்ளி கட்டியது, அதற்காகத் தாத்தா சண்டை போட்டது, எல்லாம் அதில் வரும் என்றாய். முதல் பதினொரு பக்கத்தை நீ எத்தனை தடவை திருப்பித் திருப்பி வரைந்தாய் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டாவது பக்கத்தை நான் பார்க்கவே இல்லை. முந்நூறு பக்கம் வரைகிற கை எட்டுப் பக்கம் வரைந்துதான் வரும், பாப்பா. ஆரம்பம், நடு, முடிவு மூன்றும் ஒரு தடவையாவது உன் கையால் ஆக வேண்டும். முடிவு வரையாதவளுக்கு முடிவு வரைய வராது.

எட்டு என்று நான் சும்மா சொல்லவில்லை. ஏ4 தாள் இரண்டு எடுத்து இரண்டு பக்கமும் அச்சடித்து மடித்தால் எட்டுப் பக்கம். முதல் தாளின் வெளிப்புறம் 8-உம் 1-உம், உட்புறம் 2-உம் 7-உம். இரண்டாவது தாளில் 6-உம் 3-உம், பின்னால் 4-உம் 5-உம். நடுவில் ஸ்டேப்ளர் இரண்டு. நம் போட்டோஸ்டேட் கடையிலேயே முடிந்துவிடும். மடித்துப் பார், உனக்கே ஒன்று தெரியும். மூன்றாம் பக்கம் வலது கையில் இருக்கிறது, நாலாம் பக்கம் திருப்பினால்தான் தெரியும். திடுக்கிட வைக்கிறதை நாலாம் பக்கத்தில் வை. வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டில் ஆட்கள் நிற்கிறார்கள், தோட்டத்துக் கணக்கர் கிராணி பேர் வாசித்து முடித்துவிட்டு இன்னொரு காகிதத்தை எடுக்கிறார், அதோடு மூன்றாம் பக்கம் முடிகிறது. திருப்பினால் பக்கம் முழுக்க ஒரே படம்: அத்தனை முகமும் கிராணியைப் பார்க்காமல் மரத்தைப் பார்க்கிறது. வசனமே வேண்டாம். நான் சொன்னேன் என்று அப்படியே வரையாதே. ஆனால் யோசித்துப் பார்.

மரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உன் இரண்டாவது பக்கத்தில் வெட்டுக் கோடு வலது மேலேயிருந்து இடது கீழே இறங்குகிறது. பாட்டி பார்த்திருந்தால் உளியாலேயே தட்டியிருப்பாள். வெட்டு இடது மேலே தொடங்கி வலது கீழே இறங்கும். பட்டைக்குள் பால் ஓடுகிற குழாய்கள் சாய்ந்து போகின்றன, அப்படி வெட்டினால்தான் நிறையக் குழாய் அறுபடும், நிறையப் பால் வரும். நேரமும் பார்த்துக்கொள். நீ வெயிலை வரைந்திருக்கிறாய். விடியுமுன்னே, குளிர்ச்சி இருக்கும்போதே வெட்டுவார்கள், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துபோகும். அந்தப் பக்கம் முழுக்கக் கறுப்பாக இருக்க வேண்டும், தலை விளக்கு விழுகிற இடம் மட்டும் வெள்ளை. மை போடுகிறவளுக்கு இதைவிட நல்ல பக்கம் கிடைக்குமா? இங்கே இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனைதான், உன்மேல் குற்றம் இல்லை. பெரியம்மா இன்னும் கையை அசைத்துக் காட்டுவாள். வெட்டில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் நாற்றம் எப்படி இருக்கும் என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவாள். வந்து கேள். புத்தகத்தில் இல்லை அது.

எழுத்து விஷயத்தில் நான் சொல்வதைத் தட்டாதே. முதலில் வசனம், அப்புறம் பலூன், கடைசியில்தான் ஆள். நீ ஆளை வரைந்துவிட்டு மிச்சம் இருக்கிற மூலையில் பேச்சைத் திணிக்கிறாய். நான் சிறுபிள்ளையாகப் படித்த சிவகாசி காமிக்ஸில் அப்படித்தான் இருக்கும், ஆங்கிலத்துக்காகப் போட்ட பலூனுக்குள் தமிழை அமுக்கி வைத்திருப்பார்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லை, உனக்கு இருக்கிறதே. ஆங்கிலப் பெரிய எழுத்தெல்லாம் ஒரே உயரம், வரிக்கு வரி நெருக்கி எழுதலாம். நமக்கு 'கீ' மேலே போகும், 'மூ' கீழே இறங்கும், இரண்டு வரியும் முட்டிக்கொள்ளும். வரி இடைவெளியை ஒன்றரை மடங்காக்கு. ஒரு கட்டத்துக்கு 35 சொல்லுக்கு மேல் கூடாது என்று ஆங்கிலத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு. நம் சொல் நீளம், நீ இருபதோடு நிறுத்து. முதலில் பேசுகிற ஆள் இடது பக்கம் நிற்கட்டும். சாக்பீஸ் தேய்த்த நூலை நான் ஒரு முனையிலும் நீ ஒரு முனையிலும் பிடித்துக்கொண்டு பலகையில் சுண்டுவோமே, அந்தக் கோடு இல்லாமல் நான் ஓர் எழுத்தும் எழுதியதில்லை. நீயும் கோடு போடு.

கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது குறைவு. படம் வரைய கிரிட்டா என்று ஒரு மென்பொருள் இலவசமாம், சின்னவன் சொன்னான். ஆபீஸ் கம்ப்யூட்டர் இல்லாவிட்டாலும் அது ஓடுமாம். பேனா உறையில் பென்டெல் பிரஷ் பேனா வைத்திருக்கிறேன், மை காய்ந்துவிட்டால் தண்ணீர் பட்டாலும் கரையாது.

பேனர் அடிக்கிற மிஷின் வந்தபோது நீ நாலாம் ஆண்டு. என் வேலையில் முக்கால்வாசி அதோடு போனது, கோயில் சுவரும் லோரிக் கதவும்தான் மிஞ்சின. இப்போது படத்தையே மிஷின் போட்டுக் கொடுக்கிறது என்று பேப்பரில் தினமும் வருகிறது. உங்கள் ஸ்டூடியோவில் என்ன பேசிக்கொள்கிறார்கள்? சும்மா கேட்டேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஃபேக்டரியில் வேலை போய்விட்டது. தொழிலாளர் காப்புறுதி பார்க்கிற சொக்சோவில் அதற்கென்று ஒரு திட்டம் இருக்கிறது, வேலை போன 60 நாளுக்குள் மனுப் போட வேண்டும். அவனுக்கு அது தெரியவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டிலும் சொல்லவில்லை, நாள் ஓடிவிட்டது. பிள்ளைகள் ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று புரியவில்லை. உன்னைச் சொல்லவில்லை.

கார்ட்டூன் போடுகிற லாட் நம் பேராக்காரர்தானே, கோப்பேங் பக்கத்துக் கம்பத்தில் 1951-இல் பிறந்தவர். முதல் காமிக்ஸ் அச்சில் வந்தபோது வயது 13. அப்புறம் பத்திரிகையில் குற்றச் செய்தி எழுதுகிற நிருபராக வேலை பார்த்தார், 'கம்போங் பாய்' வந்தது 1979-இல். அவசரம் ஒன்றும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். அந்தப் புத்தகம் உன் பழைய அலமாரியிலேயே இருக்கிறது, கட்டமே போடாமல் ஒரு பக்கத்தை எப்படி நடத்துகிறார் என்று மறுபடி பார். ஆறாம் ஆண்டில் நீ பள்ளி மலருக்கு வரைந்த பக்கத்தை நான் கடையில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தேன், வருகிறவர்கள் எல்லாம் யார் வரைந்தது என்று கேட்பார்கள். மகள் என்பேன். அதைக் கேட்டுப் பழகியவனுக்கு நீ தீபாவளிக்கு ஒரே ராத்திரி வந்துவிட்டு, நோட்டைக்கூடத் திறக்காமல் போனது பிடிக்கவில்லை. அம்மா அன்றைக்கே சொன்னாள், பிள்ளை ஏதோ மாதிரி இருக்கிறாள் என்று. நான்தான் ஏசினேன்.

24 மணி நேரத்தில் 24 பக்கம் வரைகிற ஒரு சவால் உண்டாம், 1990-இல் இந்த மெக்கிளவுட்தான் ஆரம்பித்தார். நீ அதெல்லாம் செய்யாதே. உடம்பு கெட்டுவிடும். எட்டுப் பக்கம், நிதானமாக, ராத்திரி தூங்கி எழுந்து. நேரத்துக்குப் பசியாறு.

கட்டை விரல் அளவுக்குச் சின்னப் படமாகக் கிறுக்கி எட்டுப் பக்கத்தையும் ஒரே தாளில் போட்டு எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பு. அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. வசனம் நான் எழுதித் தருகிறேன், அந்த வேலை இன்னும் எனக்கு வரும். இங்கே வந்து வரைவதாக இருந்தால் ஈ.டி.எஸ். ரயில் நம் ஸ்டேஷனிலேயே நிற்கிறது. ஏன் வந்தாய், எத்தனை நாள் இருப்பாய் என்று யாரும் கேட்க மாட்டோம். அம்மாவிடமும் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அந்த 60 நாள் விஷயம், நாமாக வேலையை விட்டால் கிடையாதாம், அவர்கள் நிறுத்தியிருந்தால்தான். நிறுத்திய கடிதத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும், கிழித்துப் போட்டுவிடக் கூடாது. ஈப்போ ஆபீஸிலும் மனு வாங்குகிறார்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்காக விசாரித்து வைத்தேன்.