அன்பு மகளுக்கு, பாவாவைப் பற்றி

அன்பு மகள்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கணக்காளர் வேலையை விட்டுவிட்டுக் கட்டடக்கலை படிக்கப் போகிறேன் என்றபோது நான் ஒன்றும் கதைக்கவில்லை. நீ அதைக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை பிள்ளை, பயம். 31 வயதில், ரொறன்ரோவில், தனியாக, முதலாம் வருடத்தில் போய் இருக்கப் போகிறாளே என்று இரவெல்லாம் நித்திரை இல்லை. விடியப்புறம் நம் நாட்டுக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் நினைப்பு வந்தது. அதுதான் எழுதுகிறேன்.

அவர் 1919இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம், பிறகு லண்டனில் சட்டம் என்று படித்து, கொழும்பில் கொஞ்சக் காலம் சட்டத்தரணியாக இருந்து, பிடிக்காமல் விட்டுவிட்டு நாடு நாடாகத் திரிந்தார். 1948இல் பெந்தோட்டைப் பக்கம் ஒரு பழைய றப்பர் தோட்டத்தை வாங்கினார். அதுதான் லுணுகங்க. இத்தாலியில் பார்த்த தோட்டங்கள் போல அதை ஆக்க ஆசை இருந்தது, செய்யும் வித்தை தெரியவில்லை. அதற்காகக் கட்டடக்கலை படிக்கத்தான் திரும்பவும் லண்டன் போனார். 1957இல் படித்து முடிக்கும்போது அவருக்கு வயது 38.

நான் இத்தனை வருடம் கட்டட வேலைத்தளங்களில் நின்றவன், அதனால் எனக்குப் பிடித்தது அவருடைய கூரை. நெளி அஸ்பெஸ்டஸ் சீற்றைப் போட்டு அதற்கு மேலே நாட்டு அரைவட்ட ஓட்டைப் பரப்புவார். மழைத் தண்ணீர் உள்ளே வராது, வெயில் சூடும் குறையும், பார்க்க நம் ஊர்க் கூரையாகவே இருக்கும். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெளிநாட்டுச் சாமான் கிடைக்காத காலம் அது. கருங்கல், மரம், ஓடு என்று கையில் இருந்ததை வைத்தே அவர் பெரிய வேலைகள் செய்தார். அவர் வரைந்ததை நிற்க வைத்த பொறியியலாளர் பூலோகசுந்தரம், நம்மவர். இருவரும் நெடுங்காலம் கூட்டாளிகள்.

1962இல் பத்திக் துணிக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காகக் கொழும்பில் கட்டிய வீட்டின் படத்தை எடுத்துப் பார். வீட்டின் நடுவில் முற்றம், அறைகள் எல்லாம் அதைப் பார்த்தபடி. எனக்கு உடனே அம்மம்மாவின் கொக்குவில் நாற்சார் வீடுதான் ஞாபகம் வந்தது, மழைக்கு நீ திண்ணையில் குந்தியிருந்து கடதாசிக் கப்பல் விடுவாயே. வெள்ளவத்தையில் நாங்கள் வாங்கிய பிளாட்டில் ஜன்னல் எல்லாம் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்கிறது. பகலெல்லாம் ஃபான் ஓட வேண்டும். கட்டியவர் ஒருநாளாவது அங்கே நின்று காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்த்திருந்தால் போதும், இதை நினைத்து இன்றைக்கும் மனம் எரிகிறது. பாவா அப்படி நின்று பார்த்தவர். 1994இல் திறந்த கண்டலம ஹோட்டலுக்கு முதலில் சிகிரியாவின் அடிவாரத்தில்தான் இடம் பார்த்தார்கள், அவர் அதை விட்டு விலகிக் கண்டலம குளக்கரை மலையைத் தேர்ந்தார். ஒரு கிலோமீற்றர் அளவு நீளமான கட்டடம், ஆனால் செடி கொடி மூடி மலையோடு மலையாகக் கிடக்கிறது.

லுணுகங்கவில் அவர் அரலியா (ஈழத்தலரி) மரக் கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, தான் விரும்பிய பக்கம் வளைய வைத்தாராம். எத்தனை வருடம் காத்திருந்திருப்பார் என்று யோசித்துப் பார் மகள்.

சரி, ஆவணியில் வா, இருவரும் லுணுகங்க போவோம். கொக்குவில் வீட்டு முற்றத்தை நான் அடுத்த கிழமை போய் அளந்து வைக்கிறேன், நீ வந்து வரை. முதல் வருடக் கட்டணத்துக்கு என்னிடம் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லாதே.

அப்பா