கரையில் நிற்பவருக்கும் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடையில் இளைஞர்கள் நீரில் மூழ்கி இறந்த செய்திகளில் ‘நீச்சல் தெரியாததால்’ என்ற ஒரு வரியோடு காரணம் முடிந்துவிடுகிறது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் மூழ்குகிறார்களே!

ஆழமான கல்குவாரிக் குட்டையில் வெயில் பட்டு மேல்நீர் மட்டும்தான் வெதுவெதுப்பாக இருக்கும், அடியில் சில்லென்றிருக்கும். சூடான உடம்போடு குதிப்பவர், குளிர் தாக்கியதும் தன்னையறியாமல் மூச்சை உள்ளிழுப்பார். அப்போது தலை நீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர்தான் உள்ளே போகும். இந்தத் திணறல் ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடும். அதுவரை நீந்த முயலாமல், காது நனையும்படி தலையைப் பின்னால் சாய்த்து மல்லாந்து மிதக்க வேண்டும். குவாரியில் இன்னொரு சிக்கல், சுற்றிலும் செங்குத்துப் பாறை. ஏறும் இடத்தைப் பார்க்காமல் இறங்கவே கூடாது.

மணல் அள்ளிய ஆற்றில் முழங்காலளவு நீருக்கு அடுத்த அடியே ஆள் மூழ்கும் பள்ளமாக இருக்கலாம். தடுப்பணைக்குக் கீழே விழும் நீர் சுழன்று, ஆளை அணைப் பக்கமே திரும்ப இழுக்கும்.

மூச்சடக்கும் போட்டி அதைவிட மோசம். வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சு முட்டுவதை உணர்த்துவதே அந்த வாயுதான் என்பதால், அது தெரியும் முன்பே நினைவு தப்பிவிடும். மேலே இருக்கும் நண்பர்கள் எண்ணிக்கொண்டே இருப்பார்கள்.

ஒருவரைக் காப்பாற்றக் குதித்து இன்னொருவரும் போவதுதான் தாங்க முடியாதது. தத்தளிப்பவர் கையில் கிடைத்ததை அமுக்கிக்கொண்டு மேலே வரப் பார்ப்பார். அது நண்பனின் கழுத்தாகவும் இருக்கலாம். கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு நீளக் கம்பை நீட்டுங்கள். எட்டவில்லையா? மூடி இறுக்கிய 5 லிட்டர் பிளாஸ்டிக் கேனைக் கயிற்றில் கட்டி எறியுங்கள். உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டிருந்தால் காற்றில் அலையாமல் தூரம் போகும்.

வெளியே எடுத்ததும் வயிற்றை அமுக்காதீர்கள், தலைகீழாகத் தூக்காதீர்கள். வயிற்றிலிருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சு இல்லையென்றால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று உதவி வரும்வரை நிறுத்தாமல் தொடருங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் வரலாம்.

‘ஆழமான பகுதி, குளிக்காதீர்’ என்று பலகை நடும் நிர்வாகங்கள், அதே கம்பத்தில் 20 மீட்டர் கயிறும் ஒரு காலிக் கேனும் தொங்கவிட ஏற்பாடு செய்யட்டும்.

இப்படிக்கு,
நீச்சல் பயிற்றுநர்கள் சிலர்