உறையூரிலிருந்து அப்பா

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். நீ கொடுத்தனுப்பிய டிரினிடாட் என்கிற கியூபா சுருட்டு, அந்த லிமிடெட் எடிஷன், வந்து சேர்ந்தது. வந்த கையோடு உன் அம்மா அதை பிரிட்ஜில், மல்லிகைப்பூவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். விலை உயர்ந்த சாமான் கெட்டுப்போகக் கூடாதாம். நான் கண்டுபிடிப்பதற்குள் மேல் இலை மொறமொறவென்று காய்ந்துவிட்டது. தகர டப்பாவில் போட்டு, மேலே படாமல் ஓரமாக ஈரத்துணி வைத்து மூடி, விரலால் அமுக்கினால் அமுங்கி எழும் பதம் வரும்வரை பொறுத்திருந்தேன். என் பதில் தாமதமானதற்கு இதுதான் காரணம். நீ போன் பண்ணாததற்கும் ஏதாவது காரணம் இருக்கும்.

பிடித்துப் பார்த்து மார்க் போடச் சொன்னாய். போடுகிறேன்.

முதலில் கைவேலை. 125 மில்லிமீட்டர் நீளம், 56 ரிங் என்று எழுதியிருந்தாய். ஒரு ரிங் என்றால் அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு. அப்படியானால் தாத்தா கணக்கில் முக்காலே அரைக்கால் அங்குலக் கனம். இந்தக் கனத்துக்கு எங்கும் மெத்தென்றும் இல்லை, கட்டியாகவும் இல்லை. தலையில் இலையைத் திருகிச் சின்னக் குடுமி விட்டிருக்கிறான். அதைச் சுற்றிய கியூபாக்காரன் கையை தாத்தா பார்த்திருந்தால் பக்கத்தில் உட்கார இடம் கொடுத்திருப்பார். வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார் என்பது உனக்குத் தெரியும்.

நம் உறையூர்ச் சுருட்டு இரண்டு முனையும் திறந்தது, வெட்டுகிற வேலையே இல்லை. இதைச் சவர பிளேடால் வெட்டினேன். திட்டாதே. பற்றவைக்கும் முன் வெறுமனே இழுத்துப் பார்த்தேன், உலர்ந்த திராட்சை வாசம். கூடவே லேசாக மல்லிகை. அது உன் அம்மாவின் பங்கு.

எதிர்வீட்டு மாமா வந்து திண்ணையில் உட்கார்ந்தார். முதல் பாகத்தில் பால் அதிகம் ஊற்றிய காபி மாதிரி சாது. நடுவில் மர வாசனையும் கோகோவின் கசப்பும் வந்தன. லிமிடெட் எடிஷனுக்கு மேல் இலை கறுத்திருப்பதற்குக் காரணம் அது செடியின் மேல்பக்கத்து இலை, இரண்டு வருஷமாவது கிடந்து பழுத்தது என்றாய். அந்தப் பழுத்த பதம் நாக்கில் தெரிகிறது, காரம் தொண்டையைப் பிடிக்கவில்லை. சாம்பல் ஒன்றரை அங்குலம் வரை உதிராமல் நின்றது. நம் சுருட்டுச் சாம்பல் கறுத்துப் பொடிப்பொடியாக விழும், இது வெளுப்பு. ஒரு பக்கம் மட்டும் கோணலாக எரிந்தது. அது பிரிட்ஜ் செய்த வேலை, பழியைச் சுற்றியவன் மேல் போட மாட்டேன். கடைசிப் பாகத்தில் மிளகு ஏறிச் சூடும் ஏறியது. அங்கேயே வைத்துவிட்டேன். நசுக்கவில்லை, தானே அணையட்டும் என்று விட்டேன். நீயும் கடைசிவரை உறிஞ்சாதே.

நீ நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு போட்டிருந்தாய். நான் எண்பத்தெட்டு. கைவேலைக்கு முழு மார்க். ருசியில் ஒரு குறை, ரொம்ப மரியாதையாக இருக்கிறது. ஆனால் நீ எழுதிய குறிப்பைப் படித்து மாமா அசந்துபோனார். மூக்கு பரம்பரையாக வருகிறது என்றார். பி.இ. படிக்கவைத்தது இந்த மூக்குக்காகவா என்றும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அந்தக் குறிப்பில் ஒரு விஷயம். ராத்திரி பதினொன்றரைக்குப் பற்றவைத்து ஒரு மணிக்கு முடித்ததாக எழுதியிருக்கிறாய். பால்கனி படமும் வந்தது. அதில் ஒரு நாற்காலிதான் இருக்கிறது. பிரம்பு நாற்காலிகள் இரண்டு வாங்கியதாக மருமகள் போன தீபாவளிக்குக் காட்டினாளே? ஒன்றரை மணி நேரம் யாரோடு பேசிக்கொண்டிருந்தாய்? சுருட்டு ஆள் இருக்கும்போது பிடிக்கிற சாமான். தாத்தா தனியாக ஒன்றுகூடப் பற்றவைத்தவர் இல்லை. புகையை உள்ளே இழுக்காதே, வாயோடு நிறுத்து. இழுக்காவிட்டாலும் கெடுதல்தான், தாத்தாவின் கடைசி வருஷத்தை நீ பார்த்தாய். கடைசியாகப் போனில் பேசியபோது இருமினாய். லண்டன் குளிர் என்றாய். ஜூலையில் என்ன குளிர்?

உன் அம்மாதான் கேட்கச் சொன்னாள். எனக்கு ஒன்றும் இல்லை. நீ சம்பாதிக்கிறாய், நல்ல சாமான் வாங்குகிறாய், சந்தோஷம். இந்தத் தெருவில் ஹவானாச் சுருட்டுக்கு மார்க் போட்டது நம் வீடு மட்டும்தான், கடைக்காரரிடம் வரைக்கும் சொல்லியாயிற்று. வாயோடு நிறுத்து, அவ்வளவுதான். ராத்திரி நேரத்தோடு படு.

ஊரில் மழை இல்லை. குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். மற்றதெல்லாம் பிறகு எழுதுகிறேன்.

அத்தை பேத்திக்கு ஆவணியில் கல்யாணம். பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போடுகிற இடத்தில் உன் பெயரையும் மருமகள் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்படியே போடலாம் இல்லையா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் சொல். ராத்திரி எந்நேரமானாலும் போன் பண்ணு, நான் விழித்துத்தான் இருப்பேன்.

அப்பா