ஆணி அடிக்காமல் நடந்த ஓவியக் காட்சி

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் மூன்று நாள் நடந்த எங்கள் ஓவியக் காட்சி ஞாயிறோடு முடிந்தது. காது கேளாத எனக்கு வாயால் நன்றி சொல்ல வராது. சைகையில் சொன்னால் வந்தவர்களில் பாதிப் பேருக்குப் புரியாது. அதனால்தான் இந்த மடல்.

கல்யாணம், அறுபதாம் வயதுச் சாந்தி என்றால் மட்டும் திறக்கும் வீட்டை எங்களுக்காகத் திறந்துவிட்ட ஆச்சிக்கு முதல் கும்பிடு. "ஆணி மட்டும் அடிக்காதே" என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதித் தந்தார். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவரில் யாருக்கு அடிக்க மனசு வரும்? படங்களைச் சணல் கயிற்றில் தொங்கவிட்டோம். ஆச்சியின் சீட்டையும் சேர்த்துத்தான். பத்து வயதில் காது கேளாமல் போன அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கிரிக்லி, காது கேட்பவர்கள் தனக்கு எழுதித் தந்த துண்டுச் சீட்டுகளையே சுவரில் வைத்துக் காட்சியாக்கியவர். எனக்குத் துணிச்சல் அங்கிருந்து வந்தது. "என் கோழிக்கிறுக்கலைப் போய்..." என்று ஆச்சி இன்னொரு சீட்டு எழுதினார். அதையும் மாட்டினோம்.

பேச்சைச் சைகையில் மொழிபெயர்த்த சாருக்கு என்ன சொல்ல? முன்பு ஒரு நகரத்துக் கேலரியில், வழிகாட்டி படத்தைக் காட்டிக்கொண்டே பேசிப் போனார். கேட்பவர்களுக்குக் கண் படத்தில், காது பேச்சில். எனக்கு இரண்டு வேலைக்கும் கண்தான். சைகை செய்பவரின் கையைப் பார்த்தால் படம் போச்சு, படத்தைப் பார்த்தால் பேச்சு போச்சு. வீடியோ அறையில் விளக்கையும் அணைத்தார்கள். மொழிபெயர்ப்பு இருட்டில் கரைந்தது. இங்கே சார் ஒரே முறைதான் வைத்தார்: முதலில் எல்லோரும் பாருங்கள், பிறகு வளவில், நடுமுற்றத்து வெளிச்சத்தில் நின்று சொல்கிறேன், மறுபடி போய்ப் பாருங்கள். கேட்பவர்கள் முதல் நாள் நெளிந்தார்கள். இரண்டாம் நாள் அவர்களே ஒரு படத்தின் முன் ஐந்து நிமிஷம் நின்றார்கள்.

காது கேளாதோர் பள்ளிப் பிள்ளைகளை வேனில் கூட்டிவந்த ஆசிரியைக்கும் நன்றி. "நம்மில் பெரிய ஓவியர் உண்டா?" என்று ஒரு பெண் கேட்டாள். சிறுவயதிலேயே கேட்கும் திறனை இழந்த சதீஷ் குஜ்ரால் ஓவியர் மட்டுமல்ல, டெல்லி பெல்ஜியம் தூதரகத்தையும் வடிவமைத்தவர் என்றேன். கட்டடமா என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

கடைசியாக, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் விற்கும் அண்ணன். ஆயாவின் உலக்கைச் சத்தத்தைத் தம்பி பதிவு செய்து தந்திருந்தான். அதைத் தொட்டு உணர ஸ்பீக்கரை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைத்தோம், ஒரு அதிர்வும் இல்லை. அண்ணன் ஒரு பர்மாத் தேக்குக் கதவைக் கொண்டுவந்து படுக்கப் போட்டார். அடியில் ஸ்பீக்கர். ஒரு பையன் உள்ளங்கையை வைத்தான், பிறகு தாடையை வைத்தான், கண்ணை மூடிக்கொண்டான். தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் கையைப் பிடித்திழுத்து மரத்தின் மேல் அழுத்தினான். அவர் நெடுநேரம் எடுக்கவில்லை.

கதவைப் புதன்கிழமை திருப்பித் தருகிறோம். கைத்தடங்களைத் துடைக்க வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். வாடகை எவ்வளவு என்றுதான் இன்னும் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்.