கூரைப்புடவைக்கு ஆர்டர் எடுப்பவர்களுக்கு

காஞ்சிபுரத்தில் கல்யாணப் புடவைக்கு ஆர்டர் எடுக்கும் கடைக்காரர்களுக்கும் கூட்டுறவுச் சங்கத்தாருக்கும் வணக்கம்.

போன தை மாதம் என் பெரிய மகளுக்குக் கல்யாணம். கூரைப்புடவையைச் சொல்லி நெய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. என் மாமியாரின் பழைய புடவையை ஒரு கடைக்குக் கொண்டுபோய் விரித்துக் காட்டினேன். அரக்கு உடல், இலைப்பச்சைக் கரை, கோர்வையில் (கரையைத் தனியாக நெய்து உடலோடு கோக்கும் முறை) வேண்டும் என்றேன். ‘செஞ்சிடலாம்மா’ என்றார்கள். பாதிப் பணம் வாங்கிக்கொண்டு தந்த ரசீதில் ‘பட்டு 1’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால் புடவை வந்தது. கரை பச்சையாக இல்லை. பாசி படிந்த செங்கல் மாதிரி மங்கலாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன். உடலின் அரக்கு ஊடையே, அதாவது குறுக்கு நூலே, கரைக்குள்ளும் ஓடியிருந்தது. கோர்வை என்றால் கரைக்குத் தனி நாடா (ஊடை நூலைக் கொண்டுபோகும் கட்டை). பச்சைப் பாவில் (நீள நூலில்) பச்சை ஊடைதான் போகும். மாமியார் புடவையில் இரண்டு நிறமும் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும், பின்பக்கம் இழைகள் கோத்த இடம் விரலில் தட்டுப்படும். கேட்டதற்கு, ‘இப்பல்லாம் இதுதாம்மா கோர்வை’ என்றார்கள். விலை மட்டும் பழைய கோர்வைக்கான விலை.

கல்யாணம் முடிந்து ஆத்திரத்தோடு ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போனேன். அவர் சொன்னதைக் கேட்டபின் பாதிக் கோபம் என் பக்கமே திரும்பியது. கோர்வைக்கு மூன்று நாடா, தறியில் இரண்டு ஆள். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா போட முன்பு பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். இப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள் (போகட்டும், அதுதான் சரி), அந்த இடத்துக்குக் கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. அப்புறம், தறியில் ஒரு பாவு ஏற்றினால் வழக்கமாக மூன்று புடவை. எனக்கு ஒன்று நெய்தால் மீதி இரண்டும் அதே அரக்கில்தான் வரும், அதை யார் வாங்குவது? தை முகூர்த்தத்துக்கு நான் ஐப்பசியில் போய் நின்றிருக்கிறேன். மழையில் பாவு நூலைத் தெருவில் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்த முடியாது. குழித்தறியில் தண்ணீர் ஊறிவிடும்.

இதில் ஒன்றையாவது கடையில் ஆர்டர் எடுத்தவர் என்னிடம் சொல்லியிருக்கலாம். ‘இத்தனை நாளில் கோர்வை வராது, சாதாரணக் கரை போதுமா’ என்று கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன்.

2005-06இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைச் சொல்லித்தான் எங்களிடம் விலை கேட்கிறீர்கள். ஆர்டர் எடுக்கும்போதே சீட்டில் நாலு வரி எழுதுங்கள்: கோர்வையா இல்லையா, சரிகை வெள்ளிச் சரிகையா வேறா, பாவு எப்போது ஏறும், மழையையும் கணக்கில் வைத்துப் புடவை எப்போது இறங்கும். நிறத்துக்கு நூலில் ஒரு துண்டை அதிலேயே பின் குத்துங்கள். நெய்பவர் பெயரும் இருந்தால் நல்லது.

சின்னவளுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. இந்தத் தடவை சித்திரையிலேயே வருவேன், மாமியார் புடவையோடு. மீதி இரண்டு புடவையை எடுத்துக்கொள்ள என் நாத்தனார்கள் இப்போதே சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

இப்படிக்கு,
பெண்களைப் பெற்ற ஒரு தாய்